கூரைக்கு முன்னே முகப்பா?

செஞ்சிக் கோட்டை உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. 2025 ஜூலை 11-ஆம் நாள் பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னக் குழு, மராட்டியப் படைத்தளங்கள் என்ற பெயரால் 12 கோட்டைகளை ஏற்றுக்கொண்டது. பதினொன்று மராட்டிய மாநிலத்திலே. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. மராட்டியர் வருமுன்பே எழுந்து நின்ற கோட்டை, மராட்டியர் பெயரிலே பட்டியலேறியது குறித்து நமக்கு ஒரு சொல் உண்டு. அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று நாம் பேச வந்தது மலைமீதுள்ள கோட்டையைப் பற்றியன்று. மலையடியிலே, ஒரு தெருவிலே, மழை பெய்தால் ஒழுகுகின்ற ஒரு வீட்டைப் பற்றி.

அந்த வீட்டுக்காரர் நமது தோழர். பேருந்திலே நடத்துநராக முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே வாழ்ந்தவர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே எத்தனை ஆயிரம் முறை போய்வந்திருப்பார், யார் கண்டது! ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையிலே மகளுக்குத் திருமணம் முடித்தது போக, மிச்சத்திலே செஞ்சியில் ஒரு பழைய வீட்டை வாங்கிப் போட்டார். தாம் குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. முன்கட்டு மெட்ராஸ் ஒட்டு, பின்கட்டு நாட்டு ஓடு. குடியிருப்பவர் நெல் விற்பனைக்கூடத்திலே மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளி. வாடகை திங்களுக்கு 5,000 ரூபாய்.

'தொழிலாளி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா? அப்போது அவனும் முதலாளி ஆகிவிடவில்லையா?' என்று நம்மிடம் மடக்கிக் கேட்கும் அறிவாளிகள் உண்டு. முப்பது ஆண்டு உழைப்பை ஒரு கூரையாக மாற்றி, அந்தக் கூரையை முதுமைக்கு ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்பவனை முதலாளி என்றழைக்க நமக்கு நா எழாது. நமது கவலை வேறு. ஊன்றுகோல் என்று அவர் நம்பிப் பிடித்தது, அவர் காலையே இடறிவிடும் கட்டையாகிவிடக் கூடாதே என்பதுதான்.

ஏனெனில், நமது அலுவலகத்துக்கு வந்த தோழர் கையிலே ஒரு தாள் இருந்தது. நாட்காட்டியிலே கிழித்த தாள். பின்புறத்திலே மேஸ்திரி எழுதித் தந்த கணக்கு. 'எல்லாம் சேர்த்து 2 லட்சம்.' முதல் வரி என்ன தெரியுமா? முகப்பு! முன்சுவருக்குப் பளபளக்கும் டைல்ஸ், வளைவு வளைவாக இரும்புக் கதவு, இரண்டு நிறத்திலே வண்ணம், உள்ளே கூடத்துக்குப் பொய்க் கூரை. அத்தனையும் கடந்து கடைசி வரியிலே, இடம் போதாமல் சிறிய எழுத்திலே, 'ஒழுகற இடத்தில் பூச்சு'.

நாம் கேட்டோம்: "முகப்பு எதற்குத் தோழரே?"

"கோட்டைக்கு உலகப் பேர் வந்துடுச்சுங்க. வெளியூர்க்காரங்க வருவாங்க. ஊரு மதிப்பு ஏறும், வாடகை ஏறும். வீடும் அதுக்குத் தக்கபடி இருக்க வேணாமுங்களா?"

"வாடகை எவ்வளவு ஏறும்?"

"6,500 கேக்கலாம்."

"பணம்?"

"கையில 80,000 இருக்குது. மீதி 1,20,000. வட்டிக்குத் தரேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. நூத்துக்கு ரெண்டு ரூபாதான்."

ரெண்டு ரூபாய்'தான்'! இந்தத் 'தான்' இருக்கிறதே, எத்தனை குடும்பங்களின் தாலியையும் நிலத்தையும் அது விழுங்கியிருக்கிறது! 1,20,000-க்கு நூற்றுக்கு 2 என்றால், திங்களுக்கு வட்டி மட்டும் 2,400 ரூபாய். வாடகையிலே கூடுதலாக வரப்போவதோ 1,500. ஆக, முகப்பு பளபளத்த நாள் முதலாக, திங்கள்தோறும் 900 ரூபாய் தோழரின் மடியிலிருந்து போகவேண்டும். ஆண்டுக்கு 10,800. அசல் அப்படியே நிற்கும், அசையாமல், ராசகிரிப் பாறையைப் போல! கையிலிருந்த 80,000-மும் போயிருக்கும். வீடு மட்டும் மினுக்கும். மழை வந்தால் ஒழுகும்.

கணக்கைத் தாளிலே போட்டுக் காட்டியதும் தோழர் சற்று நேரம் பேசவில்லை. முப்பது ஆண்டு சில்லறை எண்ணிக் கணக்கு ஒப்படைத்தவர். ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் தூங்காதவர். தம்முடைய சொந்த வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போடத் தோன்றவில்லை. அவரை நாம் குறை கூறவில்லை. வீடு என்றதும் கணக்கு மறைந்து கனவு முன்னே வந்து நிற்பது மனித இயல்பு.

செஞ்சிக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாம் எங்கும் ஓடவேண்டியதில்லை, கோட்டையே சொல்லும். 1677-இல் சிவாசி இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய ஊர் எங்கே, செஞ்சி எங்கே! தாம் குடியிருக்கப்போகாத கோட்டை இது. இருந்தும் செலவு செய்தார். எதற்கு? மதிலுக்கும், அகழிக்கும், கொத்தளத்துக்கும். அக்காலத்துச் சேசுசபைத் துறவிகளின் கடிதங்களே இதைக் கூறுகின்றன. அவர் மறைந்த பிறகு, 1689-இல் ராய்கட் மொகலாயர் கைக்குப் போயிற்று. மகன் ராசாராமுக்கு ஓடி ஒளிய இடம் தேவைப்பட்டது. எது தாங்கியது? தொலைவிலே, பழுதுபார்த்து வைத்திருந்த செஞ்சி. 1698 வரையிலே, எட்டு ஆண்டுக்காலம் மொகலாயப் படை வெளியே காத்துக்கிடந்தது. மன்னர் புகழ் பாடுவது நமது தொழிலன்று. ஆனால் எந்தக் காசை எந்தச் சுவருக்குச் செலவிடுவது என்ற அறிவு எவரிடம் இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்வது நமது வழக்கம்.

அதே கோட்டையிலே கல்யாண மகாலைப் பாருங்கள். மலைக்கு மேலேயும் கீழேயும் குளங்கள், சுனைகள். மண்குழாய் பதித்து மகாலின் மேலடுக்கு வரையில் தண்ணீர் ஏற்றினார்கள். நெற்களஞ்சியத்தைப் பாருங்கள், கோபுர அழகு அதற்குக் கிடையாது, தடித்த சுவர்தான் உண்டு. கூரை, தண்ணீர், தானியம் என்ற மூன்றுக்கும் செலவிட்ட பிறகே மற்றவை. பிற்காலத்திலே கவனிப்பார் இல்லாத இடத்திலிருந்து தூண்களைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுவைக் கடற்கரையிலே காந்தியார் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்றவை என்று சொல்லுவர்.

சரி, தோழரின் வீட்டுக்கு வருவோம்.

மெட்ராஸ் ஒட்டு என்பது என்ன? தேக்கு உத்தரங்கள், அவற்றின்மேல் செங்கல்லை நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்திலே ஒட்டி, அதன்மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் பரப்பி, உச்சியிலே தட்டோடு பதிப்பது. இப்படிப்பட்ட தளம் ஒழுகினால் நமது ஊர்களிலே என்ன செய்கிறார்கள்? மேலே ஏறி இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பழைய உத்தரத்தின் தலையிலே புதிய பாரம்! விரிசல் அப்படியே கீழே இருக்கும். தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். ஏற்கெனவே கரையான் அரித்த மரமாயிருந்தால், ஒருநாள் நள்ளிரவிலே அது பேசும். பெயர்ந்த தட்டோட்டையும் உளுத்த சல்லியையும் எடுத்துவிட்டு, உத்தரத்தைத் தட்டிப்பார்த்து, கெட்டதை மாற்றி, மறுபடி பதிக்கவேண்டும். தண்ணீர் தேங்காமல் ஓடும் வாட்டம் வேண்டும். சுவரும் அப்படியே. சுண்ணாம்புக் கட்டடத்தின்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசினால், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சையே தள்ளிக்கொண்டு பெயரும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே உறவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூலி சற்று அதிகம் கேட்பார். கொடுக்கலாம்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறியதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. மயிலத்திலே ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை! அன்றிரவு எந்த வீட்டுக்காரனும் முகப்பு டைல்சை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். குடியிருப்பவர் கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தினார், பிள்ளையின் பாடப் புத்தகத்தை எங்கே தூக்கி வைத்தார் என்பதுதான் கேள்வி. ஆகவேதான் சொல்கிறோம்: முதலில் கூரை. அடுத்து, தண்ணீர் வெளியேறும் வழி, கழிப்பறையும் சாக்கடையும் உட்பட. மூன்றாவது மின்கம்பி. பழைய வீட்டிலே மரப்பட்டியில் ஓடும் கம்பியும், எர்த் இல்லாத இணைப்பும், ஈரச் சுவரும் சேர்ந்தால் என்னவாகும் என்று விளக்கவேண்டுமா? இந்த மூன்றும் வாடகையை உயர்த்தாது என்பார்கள். மெய்தான், உயர்த்தாது. வருகிற வாடகையை நிற்காமல் காக்கும். ஒழுகும் வீட்டைக் குடித்தனக்காரர் காலி செய்து ஓராண்டு பூட்டிக் கிடந்தால் இழப்பு 60,000.

தோழரோடு அமர்ந்து புதுக் கணக்கு எழுதினோம். மேஸ்திரியை ஒருவராக வைத்துக் கேட்காமல், மூவரிடம் அளந்து கேட்டுவரச் சொன்னோம். கூரைக்கு 45,000. சாக்கடை, கழிப்பறைக்கு 12,000. மின்கம்பி மாற்ற 7,000. ஆக 64,000. அதோடு கணக்கு முடிந்ததா? இல்லை. பழைய வீடு என்பது மூடிய பெட்டி. திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தட்டோட்டைப் பெயர்த்ததும் உத்தரம் ஒன்று பொடியாக உதிரலாம். ஆகவே நூற்றுக்கு 25 வீதம் 16,000 தனியே. ஆக மொத்தம் 80,000. தோழர் கையிலிருப்பதும் அதுவே! வட்டிக்காரர் வீட்டுப் படியை மிதிக்கவேண்டியதில்லை.

இந்த இடத்திலே ஒரு செலவு குறுக்கே வந்தது. சமையலறை அக்கினி மூலையில் இல்லையாம், சுவரை இடித்து மாற்றினால்தான் வீடு 'வாழுமாம்'. வாஸ்து பார்ப்பவர் சொன்னாராம். இடிக்க, கட்ட, பூச, 30,000 ஆகும். நல்ல நிலையில் நிற்கும் சுவரை இடிக்க 30,000. ஒழுகுகின்ற கூரைக்குச் சிறிய எழுத்திலே கடைசி வரி! எந்த மூலையிலே அடுப்பு எரிந்தாலும் சோறு வேகும் என்பதைத் தோழரின் துணைவியாரே அவருக்குச் சொல்லிவிட்டார் என்று பிறகு அறிந்தோம். நமக்கு வேலை மிச்சம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அது கூலி. மேஸ்திரியிடம் பேரம் பேசி 5,000 குறைத்துவிட்டதாகப் பெருமைப்படுகிறவர்கள், அந்த 5,000 யார் வயிற்றிலிருந்து குறைந்தது என்று கேட்பதில்லை. மேஸ்திரி தம் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டார். கல் சுமக்கும் சித்தாளின் சனிக்கிழமைக் கூலிதான் குறையும். நாமெல்லாம் எந்த வீட்டிலிருந்து வந்தோம்? சித்தாள் பெற்ற பிள்ளைகள் நமது இயக்கத்திலே எத்தனை பேர்! வேலைக்கு வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலே பதிந்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1994 முதல் இருக்கிற வாரியம் அது. பதியாதவரைப் பதியச் சொல்லுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அந்த அட்டை அவர் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். சிக்கனம் வேண்டுமா? பழைய தேக்கு நிலையையும் கதவையும் விற்காமல் இழைத்துப் போடுங்கள். நல்ல ஓட்டைப் பொறுக்கி அடுக்கி மறுபடி வேயுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு மேஸ்திரியின் சீட்டிலே தெரிகிறதா என்று கேளுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது? தையிலே தொடங்குகிறவன் கெட்டிக்காரன். தீபாவளிக்கு முன்னே முடித்துவிடலாம் என்று புரட்டாசியிலே தட்டோட்டைப் பெயர்க்கிறவன், வடகிழக்கு மழையை வீட்டுக்குள்ளேயே வரவேற்கிறான்.

இனி, செஞ்சிக்கே உரிய ஒரு சிக்கல். கோட்டை மைய அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டபடி என்ன கூறுகிறது? பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி; அங்கே புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதியோடு கட்டலாம். தடைப்பகுதியிலே 1992 ஜூன் 16-க்கு முன்பே நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்க வழி உண்டு; அதற்கும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெறவேண்டும். மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே! மாடியிலே ஓர் அறை எழுப்பி வெளியூர்க்காரருக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று கனவு காண்கிற தோழர்கள், கம்பி வாங்குமுன் தம் வீட்டுச் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கட்டும். இடிக்கச் சொல்லி ஓலை வந்தபிறகு கேட்டுப் பயனில்லை.

ஆட்சியாளரிடமும் நமக்கொரு கேள்வி இருக்கிறது. உலகப் பட்டியலிலே ஏற்றியதைக் கொட்டி முழக்கினீர்கள். நல்லது. எந்தெந்தச் சர்வே எண் 100 மீட்டருக்குள், எது 300 மீட்டருக்குள் என்று செஞ்சிப் பேரூராட்சி அலுவலக வாயிலிலே, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழிலே, ஒரு பலகை வைத்தால் என்ன? கூரை ஒழுகுகிற ஒரு தொழிலாளி விண்ணப்பம் எழுத, படம் வரைய, இணையத்திலே ஏற்ற, இடைத்தரகனுக்குக் காசு அழவேண்டுமா? திங்களுக்கொரு நாள் செஞ்சியிலேயே முகாம் போட்டு, பழுதுபார்ப்பு விண்ணப்பங்களை வாங்கலாகாதா? கோட்டையைக் காப்பது நமது கடமை என்பதிலே நமக்கு இரண்டு கருத்து கிடையாது. கோட்டையடியிலே வாழ்கிறவன் தலைமீது கூரை நிற்கவேண்டும் என்பதிலும் கிடையாது.

கடைசியாக, அந்த வீட்டிலே குடியிருக்கும் மூட்டைத் தொழிலாளி. அவரை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தக் கணக்கும் பாதிக் கணக்கு. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலே இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்திலே இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும். கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, மின்விசை, பூட்டு, அடைத்த சாக்கடை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இதிலே நமது தோழர்கள் நெஞ்சிலே பதிக்கவேண்டியது ஒன்று: பழுதுபார்த்தேன் என்று சொல்லி ஒப்பந்தக் காலத்திலே வாடகையை ஏற்ற முடியாது. வீட்டைக் கூட்டினாலோ மேம்படுத்தினாலோ, அதுவும் குடியிருப்பவரோடு முன்கூட்டியே பேசி உடன்பட்டால்தான் ஏற்றலாம். ஒழுகலை நிறுத்துவது வீட்டுக்காரர் தருகிற சலுகையல்ல; அவர் வாங்குகிற 5,000-த்துக்கு அவர் பட்டிருக்கிற கடன்.

அந்தக் கடனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வாடகையிலேயே இருக்கிறது. வாடகை வருவாயிலே சொத்து வரி போக நிற்பதில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டுதான் வருமான வரி கணக்கிடப்படுகிறது. நீங்கள் செலவு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அந்தக் கழிவு உண்டு. வீடு என்றால் பராமரிப்புக்கு அவ்வளவு போகும் என்று வரி வாங்குகிறவனே எண்ணுகிறான்! நமது தோழருக்கு வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாமலிருக்கலாம். அந்தக் கணக்கை அவர் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டு வாடகை 60,000. அதிலே 30 விழுக்காடு 18,000. அதைத் திங்கள்தோறும் 1,500-ஆக அஞ்சலகத்திலே போட்டுவரச் சொன்னோம். வட்டிக்காரருக்குப் போகவிருந்த 2,400-ஐ நினைத்தால், இது பாரமாகத் தெரியாது. தரைக்கு வேண்டிய தொகை ஓராண்டிலே சேரும். முகப்பு அதற்கடுத்த ஆண்டு.

தோழர் தாளை மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டார். வெளியே போனவர் வாயிற்படியிலே நின்று திரும்பி, "வண்ணம் மட்டும் ஒரே ஒரு கோட் அடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

16,000 மிஞ்சினால் அடியுங்கள் என்றோம். உத்தரத்தைப் பார்த்த பிறகு.